பதினோராவது இடம்

வீட்டில் குளம் வெட்டப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். யாரும் பணம் தர மாட்டார்கள். கடப்பாரைகூடத் தர மாட்டார்கள். எந்த மீனை விட வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் சொல்லித் தருவார்கள். அந்தமானில் இந்தத் தருமம் கொஞ்சம் கூடுதல். சுற்றிலும் கடல். மீனைப் பற்றி அபிப்பிராயமே இல்லாத ஒருவரை இங்கே பார்த்தால், அவர் இன்று காலை விமானத்தில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். அவரும் ஹேவ்லாக் தீவுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஓர் அபிப்பிராயத்தோடுதான் திரும்புவார்.

எங்கள் குளத்துக்குக் காரணம் மீன் அல்ல, தண்ணீர். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். கோடைத் தண்ணீர் நிலவரம் மட்டும் பழைய பெயரிலேயே நடக்கிறது. வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற இடம் இது. மே மாதம் விரித்த குடையை டிசம்பரில்தான் மடக்குவோம். ஆனால் அத்தனை மழையும் மேட்டிலிருந்து இறங்கி நேராகக் கடலுக்குப் போய்விடும். பிப்ரவரி பிறந்தால் குழாய் என்றைக்காவது ஒருநாள் இருமும். ஏப்ரலில் அந்த இருமலும் நின்றுவிடும். சௌல்தாரி பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் களிமண் நிலம் சும்மா கிடந்தது. அதில் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் கத்தரிக்கும் கீரைக்கும் ஊற்றலாம் என்று என் மனைவி திட்டம் போட்டாள். 20 அடி நீளம், 12 அடி அகலம், 5 அடி ஆழம். விளிம்புவரை நிரம்பினால் ஏறக்குறைய 34,000 லிட்டர்.

தேங்கின தண்ணீர் என்றால் கொசு. இந்தத் தீவுகளில் கொசுவை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1789இல் இங்கே முதல் குடியேற்றம் அமைத்த வெள்ளைக்காரன், வடக்கு அந்தமானுக்கு இடம் மாற்றிப் பார்த்தும் நோய் தாங்காமல் 1796இல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினான். பீரங்கி வைத்திருந்தவனுக்கே அந்தக் கதி. ஆகவே கொசுப்புழுவைத் தின்ன மீன் வேண்டும் என்று முடிவாயிற்று. சுகாதாரத் துறைக்காரர்கள் கிணற்றிலும் தொட்டியிலும் விடுகிற கம்பூசியா என்ற பொடிமீன் போதும். விரல் நுனி அளவுதான் இருக்கும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும், என் மச்சினன் காதில் விழாமல் இருந்திருந்தால்.

மச்சினன் அபர்தீன் பஜாரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். உலகத்தில் உள்ள அத்தனை மீனும் அவனுடைய போனுக்குள் நீந்துகின்றன.

“கம்பூசியாவா? அது கண்ணுக்கே தெரியாது அத்தான். விடறதுதான் விடறோம், பார்த்தா பயப்படற மாதிரி ஒண்ணு விடுவோம்.”

பெரிய மீன் என்றதும் எண்ணிக்கை வந்தது. அவன் மனசில் இருந்தது இருநூறு. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணைக் கேட்டால் வகுத்துப் பார்க்காமல் விட மாட்டேன். நம் நாட்டில் கெண்டை வளர்ப்புக்கு வழக்கமாகச் சொல்கிற கணக்கு, ஹெக்டேருக்கு 5,000 குஞ்சு. ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். அதாவது ஒரு மீனுக்கு 2 சதுர மீட்டர். எங்கள் குளம் 240 சதுர அடி; மீட்டரில் சொன்னால் 22. ஆக மொத்தம் 11.

“பதினொண்ணா? கிரிக்கெட் டீமா அத்தான் இறக்கறோம்?”

அவனுக்கு மீன் நீந்துகிற இடம் தெரிகிறது, மூச்சு விடுகிற இடம் தெரியவில்லை. தண்ணீர் சூடாக ஆகப் பிராணவாயு அதில் தங்குவது குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் தங்குமென்றால் 30 டிகிரியில் ஏழரைதான். எங்கள் ஊரில் தண்ணீர் 20 டிகிரிக்கு வர வேண்டுமானால் அதைக் குளிர்பதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். போதாததற்கு இரவெல்லாம் பாசியும் மீனோடு சேர்ந்து மூச்சு விடும். விடிவதற்கு முன்னால் இருப்பு அடிமட்டத்துக்கு வந்திருக்கும். நெருக்கி விட்ட குளங்களில் அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்க்கிறவர்கள், பாவம் பசிக்கிறது என்று தீனியை அள்ளிப் போடுவார்கள். தீனி அழுகும், இருந்த கொஞ்சப் பிராணவாயுவும் அதற்குச் செலவாகும். புண்ணியம் செய்தே மீனைக் கொன்றவர்கள் நாட்டில் நிறையப் பேர். நல்லவேளையாக அந்தமானில் சூரியன் சீக்கிரம் வேலைக்கு வந்துவிடுகிறது. இந்திய நேரத்தில், கோடையில் ஐந்து மணிக்கே வெளிச்சம்.

“மோட்டார் வெச்சுக் காத்து ஊதிடலாம்” என்றான் மச்சினன். ஊதலாம். ஆனால் இங்கே மின்சாரம் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. இருநூறு மீனின் உயிரை ஒரு பிளக்கில் செருகி வைத்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது. பதினொன்றுதான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டேன்.

எந்தப் பதினொன்று என்பதைப் பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். அவர் வங்காளி. 1949இலிருந்து கிழக்கு வங்கத்து அகதிக் குடும்பங்களைக் கப்பலில் கொண்டுவந்து இந்தத் தீவுகளில் குடியேற்றினார்கள். அவருடைய அப்பா அப்படி வந்தவர். நாங்கள் அவரைத் தாதா என்று கூப்பிடுவோம். அவர் வீட்டில் குளம்தான் முதலில் கண்ணில் படும். வீடு அதற்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும். மீன் விஷயத்தில் அவர் யோசித்துப் பேசுகிற வழக்கமில்லை. பல்லில் குச்சியோடு நின்றபடி மூன்று பெயரைச் சொன்னார்: கட்லா, ரோகு, மிர்கால். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல மறுபடி பல் துலக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த மூன்றும் ஒன்றாக வாழ்கிற ரகசியம் மீனின் முகத்திலேயே இருக்கிறது. சந்தையில் அடுத்த முறை பாருங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை தூக்கலாக, வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்தண்ணீரில் மேய்கிறது. ரோகுவின் உதடு ஓரம் கிழிந்த துணிபோலச் சுருள் சுருளாக இருக்கும், அது நடுத்தண்ணீர்க்காரன். மிர்காலின் வாய் கீழே பார்த்திருக்கும். சேற்றில் படிந்த மக்கலைக் கிளறித் தின்னும். மூன்றும் பெரிய மீன்கள், கிலோக்கணக்கில் வளர்கிறவை. ஆனால் ஒன்றின் இலையில் இன்னொன்று கை வைப்பதில்லை. குணம் நல்லதாக இருப்பதால் ஒத்துப்போகின்றன என்று நினைக்க வேண்டாம். மேயும் இடம் வேறாக இருப்பதால் ஒத்துப்போகின்றன. கூட்டுக் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது புதிய தத்துவம் அல்ல. அடுப்பு ஒன்றாக இருக்கும்வரைதான் சண்டை. தனி அடுப்பு வைத்த மறுநாளே ஓரகத்திகள் ஒருவருக்கொருவர் குழம்பு கொடுத்து அனுப்புவார்கள்.

இவற்றுக்கு இன்னொரு நற்குணமும் உண்டு. தேங்கின குளத்தில் இவை இனம் பெருக்குவதில்லை. மழைக்காலத்தில் ஆறு புரண்டு ஓடினால்தான் முட்டையிடும். அதனால் ஒரு காலத்தில் வெள்ளத்தில் வலை கட்டித்தான் குஞ்சு பிடித்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, வேறு மீனின் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாக ஏற்றி, கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். இன்றைக்கும் ஜூலை 10தான் தேசிய மீன் வளர்ப்போர் தினம். நாடு முழுக்க விற்கிற கட்லா, ரோகு குஞ்சுகளுக்குப் பின்னால் அந்த ஊசி இருக்கிறது. ஊசியோடு யாரும் கொல்லைப்புறம் வராதவரை, எங்கள் குளத்தில் பதினொன்று பதினொன்றாகவே இருக்கும். திட்டமிட்ட குடும்பம்.

மூன்றையும் சேர்த்து விடும்போது 4:3:3 என்ற விகிதம் நல்லது. நாலு கட்லா, மூன்று ரோகு, மூன்று மிர்கால். கூட்டினால் பத்து. பதினொன்றை அந்த விகிதத்தில் பிரித்தால் 4.4, 3.3, 3.3 என்று வரும். தசமத்தில் மீன் விட முடியாது. ஆக ஓர் இடம் மிச்சம். இதை நான் என் மேசையில் வைத்து ரகசியமாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வாய்விட்டுச் சொன்னேன். அன்றைக்கு ஆரம்பித்தது வேட்புமனுத் தாக்கல்.

முதல் வேட்பாளர் மச்சினனுடையது: ரெட் டெயில் கேட்ஃபிஷ். அமேசான் ஆற்றுக் கெளுத்தி. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் சிவப்பு வால். கடையில் விரல் நீளத்தில் விற்பார்கள். மீசையை ஆட்டிக்கொண்டு பார்க்க அத்தனை பவ்யமாக இருக்கும். வளர்ந்தால் மூன்றடியைத் தாண்டி நாலடியைத் தொடும்.

“என்ன சாப்பிடும் மாப்ளே?”

“அதுல பிரச்சனையே இல்ல அத்தான். எது கிடைச்சாலும் சாப்பிடும்.”

“மத்த பத்தும் கிடைக்குமே.”

அவன் போனைத் திருப்பி அந்த மீனின் வாயை ஒருதரம் பார்த்தான். அகலமான வாய். உடம்பு முழுக்க அந்த வாய்க்குத் துணையாகப் பின்னால் வருகிறது என்று சொல்லலாம். பெரிய மீன்களைச் சேர்த்து வளர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேர்கிற முதல் சட்டம் இதுதான்: வாய்க்குள் அடங்குகிற அளவில் இருப்பது சிநேகிதன் அல்ல, தீனி. இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. கெளுத்தி ரோகுவை விழுங்கும்போது அதனிடம் ஒரு விரோதமும் இருக்காது. இன்று விரல் நீளத்தில் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துப் பயனில்லை. மூன்று வருஷம் கழித்து எது எந்த அளவில் இருக்கும் என்று பார்க்க வேண்டும். பார்க்காதவர்கள், மீன் தொட்டியைவிட நீளமானதும் ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2023 மே மாதம் ஸ்ரீநகர் தால் ஏரியில் முதலை மூஞ்சி வைத்த ஒரு மீன் அகப்பட்டது. அலிகேட்டர் கார், வட அமெரிக்காக்காரன். அது காஷ்மீருக்குத் தேனிலவுக்கு வந்திருக்க முடியாது. யாரோ ஒருவருடைய மச்சினன் பார்த்த வேலையாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வேட்பாளர் மதுரையிலிருந்து தொலைபேசியில் வந்தது. என் சித்தப்பா வாஸ்து பார்க்கிறவர். “அரோவானா விடுப்பா. பணம் கொட்டும். வீட்டுக்கு ஒரு கண்டம் வந்தா அதைத் தான் வாங்கிக்கிட்டு அது செத்துடும்” என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார், “சாகறதுக்குன்னே ஒண்ணைக் காசு குடுத்து வாங்கணுமா மாப்பிள்ளை?” என்றார். வாஸ்து சாஸ்திரத்துக்கு இத்தனை சுருக்கமான மறுப்பை நான் கேட்டதில்லை.

சித்தப்பா சொன்னது வெள்ளி அரோவானா. மூன்றடி வரை வளரும். வாள் மாதிரி உடம்பு, வாய் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயைப் பார்த்தாலே விலாசம் தெரிந்துவிடும்: மேல்தண்ணீர். அங்கே ஏற்கெனவே நாலு கட்லா குடியிருக்கிறது. அது போகட்டும். அமேசானில் இந்த மீன் தண்ணீரிலிருந்து எகிறி, மேலே தொங்கும் கிளையில் உட்கார்ந்திருக்கும் வண்டைப் பிடித்துத் தின்னும். கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பவர்கள் மூடிமேல் கல்லை வைக்கிறார்கள். திறந்த குளத்துக்கு மூடி எங்கே போவது? எங்கள் குளத்துக்குப் பக்கத்தில் கொய்யா மரம் வேறு இருக்கிறது. அதிர்ஷ்டம் எகிறிக் குதித்து வேலி தாண்டிப் போய்விட்டால், தாதா வீட்டுக் கோழிக்குத்தான் பணம் கொட்டும்.

மூன்றாவது மனு என் மகளுடையது. அவள் சென்னையில் கொளத்தூர் பக்கம் இருக்கிறாள். கொளத்தூரில் தடுக்கி விழுந்தால் வண்ணமீன் தொட்டிமேல்தான் விழ வேண்டும். தெருத்தெருவாக அதே தொழில். “கோய் விடுப்பா, அமைதியான மீன். பார்த்தாலே மனசு லேசாயிடும்.” கோய் நல்ல மீன்தான். யாரையும் விழுங்காது. இரண்டடிக்கு மேல் வளரும். பல பத்தாண்டு இருக்கும். அதுவும் கெண்டை சாதி. ஆனால் மேயும் இடம் அடித்தண்ணீர், மிர்காலோடு ஒரே சேற்றில் போட்டி. அதைக்கூடச் சமாளிக்கலாம். ஜப்பானில் நீகாட்டா மலைப்பக்கத்து நெல் விவசாயிகள், மேலிருந்து பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த மீன் இது. சிக்கல் அங்கேதான். மேலிருந்து பார்ப்பவர்களில் மீன்கொத்தியும் உண்டு.

எங்கள் கொல்லையில் மின்கம்பியில் ஒரு வெண்கழுத்து மீன்கொத்தி தினமும் உட்காரும். குளம் வெட்ட ஆரம்பித்த அன்றே வந்து மேற்பார்வை பார்த்தது. நாரை வாய்க்கால் வரப்பில் நிற்கும். அதற்கும் மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டம் போடும். ரோகுவும் மிர்காலும் மேலிருந்து பார்த்தால் சேற்று நிறம், கண்ணில் படாது. பச்சைத் தண்ணீரில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கோய்க் குஞ்சு நீந்தினால், அது மெனு கார்டு. வலை போட்டு மூடலாம் என்றாள் மகள். வலை போட்டு மூடின குளத்தில் அழகை யார் பார்ப்பது? வலையைத்தான் பார்க்க வேண்டும்.

நாலாவது, என்னோடு வேலை பார்த்த நண்பர் சிபாரிசு செய்தது: ஜிலேபிக் கெண்டை. “சும்மாவே தரேன் சார், வாளியோட கொண்டாரேன்.” இலவசமாக வரும் மீனைக் கண்டால் ஓட வேண்டும். திலாப்பியா என்ற இந்த ஆப்பிரிக்க மீன் 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. இன்று அது இல்லாத குளம் எது என்று தேட வேண்டியிருக்கிறது. தாய் மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். பொரித்த குஞ்சுகளையும் ஆபத்து என்றால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். தாய்மைக்கு இலக்கணம், சந்தேகமில்லை. ஆனால் பிறந்த மூன்று மாதத்திலேயே அடுத்த தலைமுறைக்குத் தயார். கொஞ்ச நாளில் குளம் முழுக்க உள்ளங்கை அளவில் ஆயிரம் ஜிலேபி திரியும். எதுவும் பெரிதாகாது, எதற்கும் சாப்பாடு போதாது. ஓர் இடத்துக்கு மனுச் செய்துவிட்டுச் சட்டசபை முழுவதையும் பிடித்துக்கொள்கிற வேட்பாளருக்கு நான் வாக்களிக்க மாட்டேன்.

நண்பர் விடவில்லை. “அப்போ ரூப்சந்த்?” ரூப்சந்த் என்று மீன் கடையில் கிடக்கும் பாக்கு மீன், பிரானாவுக்கு ஒன்றுவிட்ட உறவு. வாயைத் திறந்தால் மனுஷப் பல் வரிசை. எங்கேயாவது ஏரியில் ஒன்று அகப்பட்டால் மறுநாள் பத்திரிகையில் பிரானா வந்துவிட்டது என்று பீதி கிளம்பும். பழமும் கொட்டையும் உடைத்துத் தின்கிற ஜீவன்தான். இருந்தாலும், காலையில் குளத்தில் முகம் கழுவப் போகும்போது என் பல்லைவிட நல்ல பல்லை வைத்துக்கொண்டு ஒரு மீன் என்னைப் பார்ப்பதை நான் விரும்பவில்லை. “தாய் மாகுர்?” என்றார். ஆப்பிரிக்கக் கெளுத்தியின் சந்தைப் பெயர் அது. அதை வளர்க்கவே 2000இலிருந்து நாட்டில் தடை. இரவில் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போய்விடும் பேர்வழி. நண்பருக்கு வேறு மீன் ஞாபகம் வருவதற்குள் டீயைக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

இத்தனை பேர் மனுவையும் நிராகரித்தவன் சும்மா இருப்பேனா? எனக்கும் ஒரு வேட்பாளர் இருந்தது. ராட்சத கௌராமி. இரண்டடி வளரும், பெரும்பாலும் சைவம். தலையில் தனியாக ஓர் உறுப்பு இருப்பதால் மேலே வந்து காற்றையே குடித்துக்கொள்ளும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அதற்கென்ன? ஜாவாவில் இதற்குச் சேம்பு இலையைத்தான் தீனியாகப் போடுகிறார்கள். எங்கள் வாய்க்கால் ஓரத்தில் சேம்பு காடாக மண்டிக்கிடக்கிறது. சரித்திரப் பெருமையும் உண்டு. 1860களில் சென்னை கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசன், இந்த மீனை மொரிஷியஸிலிருந்து தருவித்தார். பிறகு 1916இல் மெட்ராஸ் மீன்துறை ஜாவாவிலிருந்து மறுபடி கொண்டுவந்தது. ஒரு கவர்னர் தேர்ந்தெடுத்த மீனை ஒரு கணக்கு வாத்தியார் தேர்ந்தெடுத்தால் தப்பா? கட்லாவோடும் மோதாது, மிர்காலோடும் மோதாது. மாமியார்கூட, “இலை தின்னுமா? அப்ப சரி” என்று சாதகமாகத் தலையை ஆட்டினார். கொளத்தூரில் கிடைக்கும். பாலித்தீன் பையில் ஆக்சிஜன் அடைத்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, விமானத்தில் அனுப்பிவிடுகிறேன் என்றாள் மகள்.

ஏறக்குறைய ஜெயித்துவிட்டேன். தாதாவிடம் போய்ச் சொன்னேன்.

அவர் பேசாமல் என்னைக் கோழிக் கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கூண்டுக்குப் பின்னால், தேங்கின தண்ணீரில் ஒரு தவளை. தவளை என்றால் நாம் பாடப் புத்தகத்தில் வரைகிற தவளை இல்லை. இரண்டு கையாலும் அள்ள வேண்டிய உருப்படி, மஞ்சள் கலந்த பச்சை, முதுகில் வரி வரியாக மடிப்பு. மெயின்லாண்டின் எருமைத் தவளை. அன்று காலை ஒரு கோழிக்குஞ்சு காணவில்லை என்றார். தவளையின் வயிற்றைப் பார்த்தபோது விசாரணைக் கமிஷன் தேவைப்படவில்லை.

இந்தத் தவளை அந்தமானுக்கு உரியது அல்ல. 2000க்குப் பிறகுதான் இங்கே தலைகாட்டியது. நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீஸி என்ற ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கேட்டு விசாரித்து, அது வந்த வழியைக் கண்டுபிடித்தார்கள்: மெயின்லாண்டிலிருந்து வந்த மீன் குஞ்சுப் பைகள். கலங்கல் தண்ணீரில் குஞ்சோடு குஞ்சாகத் தலைப்பிரட்டையும் வந்திறங்கியிருக்கிறது. அந்தத் தலைப்பிரட்டை லேசுப்பட்டதல்ல. உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளையே பிடித்துத் தின்கிறது. வளர்ந்தபின் பல்லி, பூரான், கோழிக்குஞ்சு என்று பேதம் பார்ப்பதில்லை. ஒரு மீன் வாங்கினால் ஒரு தவளை இலவசம். அந்த இலவசத்துக்கு வட்டி மட்டும் தலைமுறைக்கும் கட்ட வேண்டும்.

இங்கே எல்லோரும் வந்தவர்கள்தான், மறுக்கவில்லை. தாதாவின் அப்பா கப்பலில் வந்தார்; என் தாத்தாவும் கப்பலில் வந்தவர். புள்ளிமானை வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான். ஆனால் குளம் என்பது பூட்டி வைத்த அறை அல்ல. மே மாத மழையில் விளிம்பு தாண்டி வழியும். வழிகிற தண்ணீர் வாய்க்காலுக்கு, வாய்க்கால் ஓடைக்கு. குளத்தில் விட்டது ஓடையில் விட்டதற்குச் சமம். தண்ணீர் எந்தப் பக்கம் வரும் என்பதும் நம் கையில் இல்லை. சிப்பிகாட் என்ற இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் வரை அது நெல் வயல். சுனாமிக்குக் காரணமான பூகம்பத்தில் தெற்கு அந்தமான் நிலமே கீழே இறங்கியது; கடல் உள்ளே வந்தது, திரும்பிப் போகவே இல்லை. இன்று அங்கே பறவை பார்க்க வருகிறார்கள். யாரும் எந்த மீனும் விடாமலே அங்கே மீன் நிறைந்திருக்கிறது. அதைத் தேடி வேறு சிலவும் வரலாம். இங்கே அலையாத்தி ஓடைகளில் உப்புத்தண்ணீர் முதலை உண்டு, கடற்கரைகளில் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. சென்னையில் குளம் வைப்பவர் பூனைக்குப் பயந்தால் போதும். எங்கள் கவலையின் நீளம் வேறு.

ஆகவே கவர்னரின் வேட்பாளரும் வாபஸ். உள்ளூரிலேயே தாதா நாற்றங்கால் குளத்தில் வளர்த்த குஞ்சுகளில் பத்தை மட்டும் எண்ணி வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் கால் முளைக்கிறதா என்று உற்றுப் பார்த்தேன். தாதா அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பதினோராவது இடம் காலி என்று அறிவித்தேன். மச்சினன் இதை ஜனநாயகப் படுகொலை என்றான்.

ஜூலையில் குளம் நிரம்பி வழிந்தது. கட்லாக்கள் மேலே தவிட்டுக்கு வந்தன, ரோகு நடுவில் ஒரு நிழல்போல ஓடியது, மிர்கால் இருக்கிறதா இல்லையா என்பதைச் சேறு கலங்குவதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். அடைமழை விட்ட ஓர் இரவு, வாய்க்கால் அடைத்திருக்கிறதா என்று பார்க்க டார்ச்சோடு போனேன். குளத்தின் ஓரத்தில், வழிந்த தண்ணீர் புல்மேல் ஓடுகிற இடத்தில், முழங்கை நீளத்தில் ஒன்று நெளிந்தது. பாம்பு என்று ஓர் அடி பின்னால் வைத்தேன். கழுத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு ஜோடித் துடுப்பு விசிறி மாதிரி அசைந்தது. பாம்புக்கு ஏது துடுப்பு? விலாங்கு. ஓடையிலிருந்து ஈரப் புல்மேலேயே ஏறி வந்து, டார்ச் வெளிச்சத்தை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், விளிம்பு தாண்டிக் குளத்துக்குள் இறங்கிவிட்டது.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற ஆசாமி என்று நாம் ஏளனமாகச் சொல்கிற அதே விலாங்குதான். ஆனால் தகுதியைப் பாருங்கள். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற குஞ்சாக மிதந்து வந்து, தானே ஆற்றுக்குள் ஏறி வளர்கிறது. கப்பல் டிக்கெட்டும் வேண்டாம், தெர்மாகோல் பெட்டியும் வேண்டாம். கூடவே தவளையும் வராது. பகலெல்லாம் கல் இடுக்கில் கிடக்கும். இரவில்தான் நண்டு, இறால், புழு என்று வேட்டைக்குக் கிளம்பும். எங்கள் பத்தும் அதற்குள் அதன் வாய்க்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிட்டன. வாயளவுச் சட்டம், மேயும் இடச் சட்டம், மூச்சுச் சட்டம் எல்லாவற்றிலும் தேர்ச்சி. நன்றாக வளர்ந்தால் மூன்றடியும் வரும். மனுத் தாக்கலே செய்யாமல் ஜெயித்த ஒரே வேட்பாளர்.

செய்தி பரவியதும் எல்லோருக்கும் வெற்றி. மச்சினன், பார்த்தால் பயப்படுகிற மாதிரி ஒன்று வேண்டுமென்று முதலில் சொன்னதே தான்தான் என்றான். சித்தப்பா மதுரையிலிருந்து, தானாகத் தேடி வரும் ஜீவன் லட்சுமி கடாட்சம் என்று அறிவித்தார். மகள், அமைதியான மீன் என்று தான் கேட்டது இதுதானே என்றாள். மாமியார் மட்டும் குளக்கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “புளி கரைச்சு விட்டா நல்லா இருக்கும்” என்றார். தாதா அதற்கு எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. கடுகு அரைத்து விட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்பது மட்டும்தான் அவர் தரப்பு.

விலாங்குக்கு இன்னொரு வழக்கம் உண்டு என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். வருஷக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து பெரிதானதும், முட்டையிட மறுபடி கடலுக்கே போய்விடும். வந்த வழியே ஒரு மழை இரவில் புல்மேல் ஏறிப் போகும். அப்போது அந்த இடம் திரும்பவும் காலி.

இடைத்தேர்தல் என்ற சொல் என் வாயிலிருந்து முழுசாக வெளியே வருவதற்குள் மச்சினன் போனை எடுத்துவிட்டான்.